கழிவு போக அஞ்சரைக் கிலோ

செவனம்மா ஒரு அரசாங்கக் கந்தோருக்குள் கால் வைத்தாள் என்றால் அங்கிருக்கிற பியோனுக்குத் திடீரென்று டீ குடிக்கிற ஞாபகம் வந்துவிடும். கிளார்க் ஐயாமார் ஃபைலுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்கள். ஆளைப் பார்த்தால் இத்தனை பயத்துக்கு இடமே இல்லை. நாலேமுக்கால் அடி உயரம், ஒட்டிய கன்னம், வெற்றிலைக் காவி ஏறிய பல். உட்காரச் சொல்லாவிட்டாலும் உட்கார்ந்துவிடுவாள், போகச் சொன்னாலும் போகமாட்டாள். அதுதான் வம்பு.

அவள் இருந்தது தெல்கஹ சந்தியில். இரத்தினபுரி மாவட்டத்துப் பெல்மதுளையில் பஸ் ஏறினால் இருபது நிமிடம். ஒரு காலத்தில் அந்த இடம் முழுக்க ரப்பர் தோட்டம். தோட்டக்காரர்கள் ரப்பர் ஸ்டோரை மூடிக் காணியைத் துண்டு துண்டாக விற்றார்கள். கடை, பஸ் ஸ்டாண்ட், பெட்ரோல் ஷெட் என்று டவுன் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. ஸ்டோருக்குப் பின்னால் தொழிலாளருக்கென்று வரிசை வீடாகக் கட்டிய இருபது காம்பரா லயம் மட்டும் யாருக்கும் வேண்டாத பொருளாக நடுவில் மாட்டிக்கொண்டது. அதற்கு ஸ்டோர் லயம் என்று பெயர். தேயிலைத் தோட்டங்களில் பேர் வெட்டுப்பட்டவர்கள், மாணிக்கக் குழிக்குக் கூலிக்குப் போகிறவர்கள், வீடு வாடகைக்கு எடுக்க வக்கில்லாதவர்கள் என்று முப்பது குடும்பம் அதற்குள் இருந்தது. பாதிக்கு மேல் தமிழாட்கள். மிச்சம் முஸ்லிம்களும் சிங்களவர்களும்.

செவனம்மா அங்கே வந்தது தொண்ணூற்றிரண்டில். அதற்கு முன் இருபத்தாறு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். பதின்மூன்று வயதில் கூடையைத் தலையில் மாட்டினவள், தோட்டம் ஆட்குறைப்புச் செய்தபோது இறக்கி வைத்தாள். புருஷன் ஐயாவு சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் அடுத்த பேச்சு. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொள்வாள். பெரிய பையன் கொழும்பில் கடையில் நின்றான். அவள் பஸ் ஸ்டாண்டில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டச் சம்பலும் விற்றாள்.

அந்தக் கிழங்குக் கூடைதான் அவளை இழுத்துவிட்டது. லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவளைச் சுற்றிக்கொண்டு நிற்கும். கேட்காது. சும்மா நிற்கும். உடைந்த துண்டுகளைக் கொடுப்பாள். முதலில் ஐந்து பிள்ளை, பிறகு பத்து, பிறகு உடையாத கிழங்கையும் அவளே உடைத்துக் கொடுக்கவேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் பால் விடாத பிளேன்டீ, பகலில் ரொட்டி, பின்னேரம் மறுபடி பிளேன்டீ. இரண்டாம் பாடத்துக்கே வகுப்பில் தலை சாய்ந்துவிடும். தாய்மாரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களும் அதே பிளேன்டீயைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்கு ஓடினார்கள்.

மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை குடும்பநல உத்தியோகத்தர் சந்திராவதி மிஸ் குடையைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசல் வழியாகவே போவார். தோள் பையில் பிள்ளைகளை நிறுக்கும் தராசு இருக்கும். பன்சலை விகாரைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கிளினிக். அங்கே பிள்ளைகளை நிறுத்து, மெலிந்த பிள்ளைக்குத் திரிபோஷா சத்து மா கொடுத்து, எடைக் குறைவைக் காட்டும் சிவப்புக் கோடு போட்ட அட்டையில் புள்ளி வைத்து, அதே வழியில் திரும்பிப் போவார். லயத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று தராசுக்கு டாட்டா காட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை செவனம்மா வழியை மறித்தாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் பிள்ளைகளையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் என்ன என்று கேட்டாள். சந்திராவதி மிஸ் நல்ல மனுஷி. முகம் சுருங்கிப் போயிற்று.

“ஒயாலா வத்தே அயனே,” என்றார். நீங்கள் தோட்டத்து ஆட்களாயிற்றே, என்னுடைய வரைபடத்தில் இந்த லயம் இல்லையே என்று.

சரி, தோட்டத்திடம் கேட்போம் என்று செவனம்மா மூன்று மைல் நடந்து தோட்டத்துக் கந்தோருக்குப் போனாள். அங்கே செக்றோல் என்ற ஆள் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, உங்களில் ஒருத்தர் பேரும் இதில் இல்லை, நீங்கள் டவுன் ஆட்கள் என்றார்கள். டவுனுக்கு வந்து கிராம சேவகரைப் பார்த்தாள். காணி தோட்டத்துடையது, நான் அதில் கை வைக்க முடியாது என்றார் அவர். அட, முப்பத்துநாலு பிள்ளைகள் என்ன ஆகாயத்திலா தொங்குகின்றன? இப்படியே இரண்டு வருடம் ஓடியது. செருப்புத் தேய்ந்தது என்று சொல்லலாம்தான், செருப்பு இருந்திருந்தால்.

தொண்ணூற்றேழில் டவுன் சுகாதாரக் கந்தோருக்கு ஒரு புது டொக்டர் வந்தார். ஜதீஸ்வரன் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் டொக்டர் என்றதும் செவனம்மா மடியில் பத்துக் கிழங்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போய் உட்கார்ந்து அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தாள். டொக்டரும் பதில் சொன்னார். ஆனால் அவர் தமிழ் இவளுக்குப் பாதிதான் விளங்கியது, இவள் தமிழ் அவருக்கு முக்கால்வாசி விளங்கியது. கடைசியில் இரண்டு பேரும் சிங்களத்தில் பேசி முடித்தார்கள். பியோன் அன்று டீ குடிக்கப் போகாமல் கதவுப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

டொக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் தமிழிலேயே நன்றாக விளங்கியது.

“உங்கடை சொல்லை மட்டும் வைச்சு நான் ஒண்டும் செய்யேலாது அம்மா. எத்தினை பிள்ளையள், என்ன வயசு, எவ்வளவு நிறை எண்டு எழுதித் தாங்கோ. நான் இரத்தினபுரிப் பெரிய கந்தோருக்கு அனுப்புறன்.”

நிறைதானே, நிறுத்தால் போயிற்று. இருபத்தாறு வருடம் தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றவளுக்கு இது என்ன பெரிய காரியம்? நேரே ஜுனைதீன் நானாவிடம் போனாள். அவர் சிறு தோட்டக்காரர்களிடம் பச்சைக் கொழுந்து வாங்கி லொறியில் ஃபெக்டரிக்கு ஏற்றுகிறவர். முள் வைத்த தொங்கு தராசு அவரிடம் இருந்தது. பொசன் போயா பௌர்ணமி லீவு அன்று கொழுந்து எடுப்பு இல்லை, அன்றைக்குத் தராசைத் தரவேண்டும் என்றாள். இதில் கொழுந்துதானே நிறுக்கிறது, பிள்ளைகளையுமா என்று அவர் கேலி செய்தார். பிறகு தராசோடு தாமே வந்து, எழுதுகிற வேலையையும் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு லயத்தில் திருவிழாதான். பின்பக்கத்துப் பலா மரத்துக் கிளையில் தராசைக் கட்டினார்கள். ஒரு கொழுந்துச் சாக்கில் பிள்ளையை உட்கார வைத்துக் கொக்கியில் மாட்டினார்கள். பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல். இறங்கின பிள்ளை ஓடிப்போய் மறுபடி வரிசையில் கடைசியில் நின்றுகொள்ளும். இறக்கிவிட்டால் சில பிள்ளைகள் அழும், சில பிள்ளைகள் ஏற்றினாலே அழும். தாய்மாருக்கு வேறு கவலை. தன் பிள்ளை எடை குறைந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கத்தில், இரண்டு மூன்று பேர் பிள்ளைக்கு வயிறு முட்டப் பிளேன்டீ ஊற்றிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். செவனம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

“கொழுந்துக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரி புள்ளைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்திருக்காளுக. போங்கடி, ஒண்ணுக்கு இருக்க வச்சிட்டு கூட்டிட்டு வாங்க.”

லயமே சிரித்தது. பிறகு வேலை மளமளவென்று நடந்தது. முள்ளைப் பார்ப்பது செவனம்மா. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள். அந்தப் பெருமையில் குரலும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. லதீபாவின் மகள் மர்லியா, இரண்டு வயது, குச்சிக் கால். சாக்கில் வைத்தாள், முள் நின்றது, கழிவு போக அஞ்சரை என்று கூவினாள். ஜுனைதீன் நானா அஞ்சரை என்று எழுதினார். அடுத்த பிள்ளை, கழிவு போக ஒன்பது. அவர் ஒன்பது என்று எழுதினார். முப்பத்துநாலு பிள்ளைகளும் மத்தியானத்துக்குள் முடிந்தன. மறுநாள் பட்டியலைக் கொண்டுபோய் டொக்டர் மேசையில் வைத்துவிட்டு, கிழங்கு ஆறிவிடும் என்று ஓடி வந்துவிட்டாள்.

பத்தாம் நாள் லயத்து வாசலில் ஜீப் வந்து நின்றது. டொக்டர் குதித்து இறங்கினார், பின்னால் சந்திராவதி மிஸ் தராசுப் பையோடு. லீவில் இருந்த டொக்டர் அன்று காலையில்தான் வந்து பட்டியலைப் பார்த்தாராம். அவர் இல்லாத நாட்களில் பெரிய கிளார்க் அதை அவசரம் என்று முத்திரை குத்தி இரத்தினபுரிக்கே அனுப்பிவிட்டார். பட்டியல்படி பார்த்தால் இருபத்தைந்து பிள்ளைகள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே. இரண்டு வயதில் அஞ்சரைக் கிலோ பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தார். மர்லியா ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு அவர் காலடியில் வந்து மோதினாள்.

சந்திராவதி மிஸ் அவளைத் தூக்கித் தம் தராசில் மாட்டினார். ஏழு கிலோ. அடுத்த பிள்ளை பட்டியலில் ஒன்பது, தராசில் பத்தரை. அடுத்ததும் ஒன்றரை கூட. அதற்கடுத்ததும் அப்படியே. தாய்மாருக்குத் தலைகால் புரியவில்லை, பத்து நாளில் பிள்ளை ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டதே என்று ஒருத்திக்கொருத்தி கையைப் பிடித்துக்கொண்டார்கள். லதீபா மகளை முத்தி எடுத்தாள். டொக்டர் முகம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது. அவர் செவனம்மாவைத் தனியாகக் கூப்பிடவில்லை, எல்லார் முன்னாலும் கேட்டார்.

“அம்மா, பிள்ளையளின்ரை நிறையைக் குறைச்சு எழுதினனீங்களோ?”

செவனம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பொய்யா, நானா? ஜுனைதீன் நானாவைத் தராசோடு வரச் சொல்லி ஆள் விட்டாள். அதே பலா மரம், அதே கொக்கி, அதே சாக்கு. மர்லியாவை உட்கார வைத்துத் தூக்கினாள். டொக்டரையே பார்த்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, கழிவு போக அஞ்சரை என்றாள்.

பக்கத்தில் நின்ற சந்திராவதி மிஸ் எட்டி முள்ளைப் பார்த்தார். முள் ஏழரையில் நிற்கிறது, ஏன் அஞ்சரை என்று சொல்கிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்று இரண்டு கிலோ கழித்துவிட்டுத்தான் கணக்கப்பிள்ளை எடையைச் சொல்வார். தண்ணீர், காம்பு, சாக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு. மழை பெய்தாலும் இரண்டு, வெயில் காய்ந்தாலும் இரண்டு. ஜுனைதீன் நானாவும் தாம் வாங்குகிற கொழுந்துக்கு அதைத்தான் செய்தார். அங்கே நின்ற பெண்கள் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. கழிவு போக என்ற வார்த்தை இல்லாமல் ஒரு எடையை அவர்கள் கேட்டதே இல்லை. அதனால்தான் அத்தனை தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லக் கேட்டும் ஒருத்திக்குக்கூட உறைக்கவில்லை.

செவனம்மா பிள்ளையை இறக்கிவிட்டு வெறும் சாக்கை மாட்டினாள். அரைக் கிலோ. அப்படியே பலா மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. பொய் சொல்லி மாட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இத்தனை வருடம் எவன் சொன்னபோது வயிறு எரிந்ததோ, அவன் குரலிலேயே அவள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தாள்.

டொக்டருக்கு விஷயம் விளங்கியதும் கோபம் போய்விட்டது, கவலை போகவில்லை. இரத்தினபுரியில் புதன்கிழமை கூட்டம். பட்டியல் பிழை என்று தெரிந்தால் தோட்டத்து ஆட்கள் ஏமாற்றுகிறார்கள் என்று ஒருத்தர் சொல்வார், அத்தோடு ஸ்டோர் லயத்துக் கதை முடிந்தது. பேசாமல் இதைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த வருடம் புதிதாக ஆரம்பிக்கலாம் என்றார். செவனம்மா மர்லியாவைப் பார்த்தாள். ஏழு கிலோ என்றாலும் அந்தப் பிள்ளைக்குப் போதாது என்று சந்திராவதி மிஸ் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் வரைக்கும் அது எதைத் தின்று வளரும்?

வீட்டில் அன்று அவள் பேசவில்லை. அதுவே ஐயாவுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே அவர்தான் வாயைத் திறந்தார்.

“புதன்கிழமை கெழங்க நான் பாத்துக்கிறேன். நீ போயி உள்ளத சொல்லிட்டு வா.”

போனாள். சாக்கை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பெரிய மேசை, சுற்றிலும் பன்னிரண்டு பேர், தலைமை நாற்காலியில் ஒரு பெண் டொக்டர், நோனா என்று கூப்பிடுவார்கள். கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற ஆள். அவள் பிடிவாதத்துக்கு இணங்கிய ஜதீஸ்வரன் டொக்டர், திரும்ப நிறுத்து எழுதிய புதுப் பட்டியலைக் கொடுத்தார். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இப்போது பதினான்கு பிள்ளைகள். மூலையில் இருந்த ஒரு உத்தியோகத்தர் மாத்தயா சிரித்தார். இரண்டே வாரத்தில் பதினொரு பிள்ளை குணமாகிவிட்டதா, நல்ல மருந்து என்றார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

செவனம்மா எழுந்து போய்ச் சாக்கை மேசைமேல் வைத்தாள். தபால் பார்சல் நிறுக்கிற தராசு ஒன்று அலுமாரி மேல் இருந்தது. இதை நிறுத்துப் பாருங்கள் என்றாள். யாரும் அசையவில்லை. டொக்டர் நோனா தாமே எழுந்து போய் நிறுத்தார். அரைக் கிலோ. செவனம்மா சிங்களத்தில்தான் பேசினாள், லயத்தில் பிறகு தமிழில் நூறு தடவை சொல்லிக்காட்டினாள்.

“இந்தச் சாக்குக்கு ரெண்டு கிலோ வெட்டுவாங்க நோனா. இருபத்தாறு வருசம் எனக்கு வெட்டுனாங்க. பழக்கத்துல நானும் எங்க புள்ளைங்களுக்கு வெட்டிட்டேன், அது என் தப்பு. அதுக்காக நீங்களும் ஒருக்கா வெட்டிறாதீங்க.”

சிரித்த மாத்தயா ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். டொக்டர் நோனா சாக்கை மடித்து அவள் கையில் கொடுத்தார். பிறகு, அந்த லயம் யாருடையது என்று தோட்டமும் டவுனும் எத்தனை வருடமானாலும் சண்டை பிடித்துக்கொள்ளட்டும், அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து அது சந்திராவதி மிஸ்ஸின் வரைபடத்தில் இருக்கும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். செவனம்மா நன்றி சொல்ல மறந்து பஸ் ஏறிவிட்டாள். பெல்மதுளை வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருந்தாளா என்ன? பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒன்பது பிள்ளைகளுக்கு அதை வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் பகல் கஞ்சி வர வைத்தாள், அதற்குத் தாய்மாரை முறை போட்டு அடுப்புக்கு அனுப்பினாள். மாணிக்கக் குழிக்குப் பிள்ளைகளை இறக்கினவனைச் சந்தையில் வைத்துக் கேட்ட கேள்வியில் அவன் பெல்மதுளைக்கே குடிபோய்விட்டான். ஜுனைதீன் நானாவையும் விடவில்லை. அவர் லொறியில் அதன்பிறகு வெறும் சாக்கை முதலில் நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் கொழுந்து நிறுப்பார்கள். என்னுடைய தராசையே வாங்கி என் தலையிலேயே போட்டாளே என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சாக்கை நிறுக்காமல் விட்டதில்லை. ஸ்டோர் லயம் யாருடையது என்று மட்டும் இரண்டாயிரத்தொன்பதிலும் முடிவாகவில்லை.

லயத்து ஆட்கள் இதையெல்லாம் விட அதிகம் பேசுவது அடுத்த பொசன் மாதத்துக் கிளினிக்கைப் பற்றித்தான். பலா மரத்தடியில் சந்திராவதி மிஸ் தராசைக் கட்டியிருந்தார். மர்லியா வேறு யார் கைக்கும் போகமாட்டேன் என்று அடம் பிடித்ததால் செவனம்மாதான் அவளைக் கொக்கியில் மாட்டினாள். ஒரு வருடம் மா கரைத்துக் கொடுத்து, மரவள்ளி கொடுத்து, முட்டை கொடுத்து, கஞ்சி கொடுத்து வளர்ந்த பிள்ளை. பேசிக்கொண்டிருந்த தாய்மார் எல்லாரும் வாயை மூடினார்கள். லதீபா கண்ணையும் மூடிக்கொண்டாள்.

முள் ஆடி ஆடி நின்றது.

“பதினொண்ணு,” என்றாள் செவனம்மா.

அடுத்த சொல் வரவில்லை. முள்ளைப் பார்க்கிறாள், பிள்ளையைப் பார்க்கிறாள், கண்ணீர் அது பாட்டுக்கு ஓடுகிறது. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சந்தையிலிருந்து மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த ஐயாவு அப்போதுதான் அதைக் கீழே இறக்கினார். காலை பத்து மணிக்கு வாய் திறக்கிற ஆள் இல்லை அவர்.

“கழிவு கெடையாது,” என்று சத்தமாகச் சொன்னார்.

சந்திராவதி மிஸ் அட்டையில் புள்ளியை வைத்தார். அது சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்தது.